மதியத் தண்டனை

குல்ஃபியில் இருந்த போதை ஒரு துளி. எடை போட்டது மொத்தத்தையும். பால், சர்க்கரை, ஏலக்காய், மூங்கில் குச்சி எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் ஏற்றினார்கள். எதில் கலந்திருந்தாலும் கலவையின் மொத்த எடையே போதைப்பொருளின் எடை என்று புதிய சட்டம் சொன்னது. அதன்படி காசிலிங்கம் அன்று மாலை துரைப்பாக்கத்து விடுதிகளின் வாசலில் மணியடித்து விற்றது குல்ஃபி அல்ல, வணிக அளவிலான போதைப்பொருள். குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டு.

"பானையையும் சேர்த்துப் போட்டிருக்கலாமே மேடம். ஆயுள் தண்டனையே வாங்கியிருக்கலாம்" என்றான் சேந்தன்.

அரசு வழக்கறிஞர் லோகநாயகி சிரித்தார். "ஐடியா குடுக்காத தம்பி. அடுத்த திருத்தத்துல சேத்துடுவானுங்க."

சேந்தன் இலவச சட்ட உதவி வழக்கறிஞன். முப்பதைத் தாண்டியவன். மனைவி மைதிலி ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய ஹெல்மெட் இன்னும் அவன் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது கேட்டால் "எடுக்கணும்" என்பான். அவன் வழக்கு நடத்துவதில் யாரும் குறை சொன்னதில்லை. குரல் மட்டும் எந்த வழக்கிலும் ஏறாது, இறங்காது.

பாலில் எதைக் கலந்தார்கள், யார் கலந்தார்கள் என்று காசிக்குத் தெரியாது. காலையில் ஐஸ் ஃபேக்டரியில் பானையை வாங்குவான். விற்றுவிட்டு வெறும் பானையைத் திருப்பிக் கொடுப்பான். கூண்டில் அதைத்தான் சொன்னான். தெரியாது என்பதை அவனே நிரூபிக்க வேண்டும் என்றது சட்டம். தெரியாததை எப்படி நிரூபிப்பது என்று சட்டம் சொல்லவில்லை.

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு ஒரு சடங்கு உண்டு. தண்டனை குறித்து என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்பார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல்கள் தாழ்வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பரம்பரையாக வரும் வசனம் அது. சேந்தனும் சொல்லிக் கொடுத்தான்.

"ஐயா, எனக்குச் சின்னக் குழந்த இருக்கு. என்ன விட்டா அதுக்கு நாதியில்ல. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும். கருணை காட்டுங்க. இவ்வளவுதான். கையெடுத்துக் கும்பிடு."

"பொய்யா சார்?"

"உண்மைதானே? ரெண்டு வயசுல பொண்ணு இருக்கா இல்ல?"

"இருக்கா சார். அல்லி." காசியின் முகம் மலர்ந்தது. "இப்பதான் என் மணி கேட்டா 'ஐச்சு ஐச்சு'ன்னு சொல்றா. அப்பான்னு சொல்ல மாட்டேங்குறா."

காசி ஒரு சொல் தவறாமல் ஒப்பித்தான். வெளியே மனைவி ஜெயக்கொடியின் இடுப்பில் அல்லி அழும் சத்தமும் அந்த நேரம் பார்த்துக் கேட்டது. நீதிபதி பரஞ்சோதி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சின்னக் குழந்தை இருக்கற மனுஷனைப் பத்து வருஷம் உள்ளே வைக்க எனக்கு மனசு வரல. அதுக்குத்தான் சுருக்கத் தண்டனைன்னு ஒரு பிரிவு வந்திருக்கு. சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

காசி சேந்தனைப் பார்த்துச் சிரித்தான். மந்திரம் பலித்துவிட்டது என்று நினைத்தான். சேந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிரிவு வந்த பிறகும் அவன் பழைய வசனத்தை மாற்றவில்லை. எந்த வக்கீலும் மாற்றவில்லை.

மதியத் தண்டனை என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சிறைகள் நிரம்பி வழிந்தன. கட்டுவதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. யாரோ ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார்கள். உப்புநீர்ப் பையில் ஒரு துளி கலந்து கையில் ஏற்றினால், உடம்புக்கு ஒரு மதியம் போகும். மனதுக்குப் பத்து வருடம் போகும். குடும்பம் உடையாது, சம்பாத்தியம் கெடாது, அரசுக்குச் செலவும் இல்லை என்று தொலைக்காட்சியில் பாராட்டினார்கள்.

சேந்தன் தாழ்வாரத்தில் நின்றபடியே மேல் நீதிமன்றத்தில் தடை கேட்டு அவசர மனு போட்டான். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். சிறை மருத்துவமனை சாப்பாட்டு இடைவேளை எடுப்பதில்லை.

தடை உத்தரவு அவன் கைப்பேசிக்கு வந்தபோது பை பாதி காலியாகியிருந்தது. டாக்டர் நூர்ஜஹான் உத்தரவைப் படித்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"இப்ப ஊசிய எடுத்தா அவர் அங்கயே நின்னுடுவார். திரும்பி வர வழி கெடையாது."

"இப்ப எங்க இருக்கார்?"

"நாலாவது வருஷமா இருக்கலாம். அஞ்சா இருக்கலாம்."

கண்ணாடிக்கு அப்பால் காசி அசையாமல் படுத்திருந்தான். காலையில் வழித்த முகம். கன்னத்தில் பிளேடு பட்ட கீறல்கூட இன்னும் ஆறவில்லை.

"உள்ள என்ன இருக்கும் டாக்டர்?"

"ஒரு அறை. ஒரு ஜன்னல். வேளைக்குச் சாப்பாடு. அவ்வளவுதான் மருந்து தரும். மீதிய அவங்கதான் கொண்டுபோகணும்."

"ஆளுங்க?"

"மருந்து ஆள் தராது. ஞாபகம் இருந்தா..." டாக்டர் நிறுத்தினார். "எங்ககிட்ட அதைப் பத்தி யாரும் ஆராய்ச்சி கேக்கல சார். வெளியே வந்ததும் ரத்த அழுத்தம் மட்டும் பாக்கச் சொல்லியிருக்காங்க."

சொன்னபடி மாலையில் காசி வெளியே வந்தான். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. நடை மட்டும் கிழவனுடையது. ஜெயக்கொடி ஓடிப்போய்க் குழந்தையை நீட்டினாள். அவன் குழந்தையை உற்றுப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி குழந்தையைப் பார்த்தான்.

"யாரு வீட்டுக் கொழந்த?" என்றான்.

"என்ன மாமா பேசுற? அல்லி!"

"இவ இல்ல" என்றான் காசி. மரியாதையாக, முகவரி தவறி வந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

சில நாள் கழித்து சேந்தனின் அலுவலகத்துக்கு அவன் தனியாக வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தவன், சேந்தன் பேசியதும் எழுந்து நின்றான். யாராவது பேசினால் எழுந்து நிற்கும் பழக்கம் வந்திருந்தது.

"மொதல் வருஷம் பூரா சொவத்தப் பாத்தே போச்சு சார். பைத்தியம் புடிச்சிரும்னு பயம். அப்புறம் அல்லிய நெனைக்க ஆரமிச்சேன். தெனமும் நெனைச்சேன். நெனைக்க நெனைக்க வந்துட்டா. மடியில ஒக்காந்தா. அப்பான்னு கூப்ட்டா. வளந்தா சார்."

"வளர்ந்தாளா?"

"வளராம? காது குத்துனேன். பள்ளிக்கோடத்துல சேத்தேன். அஞ்சாம் வாய்ப்பாடு வராது அவளுக்கு, ஆறு நல்லா வரும். கோவம் வந்தா மூக்குத்தான் மொதல்ல செவக்கும். பன்னெண்டு வயசு. தாவணி வேணும்னு கேட்டுட்டு இருந்தா." அவன் கைகள் அந்த உயரத்தை மேசைக்கு மேலே காட்டின. "அப்பதான் கதவத் தொறந்தீங்க."

சேந்தன் அந்தக் கைகளையே பார்த்தான்.

"எல்லாரும் நான் திரும்பி வந்துட்டேன்னு சந்தோசப்படுறாங்க. என் பொண்ணு செத்துட்டா சார். எழவு கேக்க ஒருத்தன் வரல. யாருகிட்ட போய்ச் சொல்ல? பொணங்கூட இல்ல."

அந்த இழவைக் கேட்க ஒருவன் இருந்தான். ஆனால் அவனுக்கும் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. எழுந்து காசிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஐஸ் ஃபேக்டரி முதலாளியின் மகன் வேறொரு வழக்கில் மாட்டி, பாலில் துளி கலந்ததை ஒப்புக்கொண்டான். காசி நிரபராதி என்று மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேந்தன் நஷ்ட ஈடு கேட்டான். ஒரு மனிதனின் பத்து வருடங்கள், ஒரு தகப்பனின் பத்து வருடங்கள் என்று எழுதியிருந்தான். அதற்கு அரசு சொன்ன பதிலை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது. நாட்காட்டியின்படி மனுதாரர் இழந்தது ஒரு மதியம் மட்டுமே. அதற்கு அரை நாள் கூலி போதுமானது.

அதே உத்தரவின் முந்தைய பத்தியில், தண்டனையை ரத்து செய்யக் கோரும் பகுதி பயனற்றது என்று இருந்தது. காரணம், மனுதாரர் பத்தாண்டுத் தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்துவிட்டார்.

சேந்தன் இரண்டு பத்திகளையும் திரும்பத் திரும்பப் படித்தான். வெகுநாளைக்குப் பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. காது சுட்டது. கோபம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. நல்ல காகிதத்தில், நல்ல எழுத்தில், கீழே முத்திரையும் வைத்து, ஒரு மனிதனைப் பார்த்து நீ பத்து வருடம் உள்ளே இருந்தாய், இருக்கவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்க் காபி குடித்திருப்பார்கள்.

வாங்கிய அரை நாள் கூலியை காசி என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த கோடையில் அவனை மறுபடி பிடித்தார்கள். இந்த முறை பொய் வழக்கு இல்லை. சிறை மருத்துவமனையிலிருந்து கசிந்த தண்டனை மருந்து வெளியே விற்பனைக்கு வந்திருந்தது. 'மதியம்' என்று கேட்டால் கிடைக்கும். வாங்குபவர்கள் பெரும்பாலும் உள்ளே போய் வந்தவர்கள்தான். ஒருத்திக்கு அம்மா அங்கே இருந்தாள். ஒருவனுக்கு நாய் இருந்தது. காசி ஒரு பை வாங்கினான். தன்னைப்போல வந்து கேட்ட இரண்டு பேருக்கு அதில் பங்கு கொடுத்தான். பங்கு கொடுத்தால் சட்டத்தில் அதற்கு விநியோகம் என்று பெயர். பையில் இருந்த மருந்து துளியில் பாதி. எடை போட்டது உப்புநீரோடு முழுப் பையை.

"அதே மருந்தைத்தானே மேடம் அரசாங்கம் அவனுக்கு ஏத்துச்சு? அன்னைக்கு யாரும் எடை போடலயே" என்றான் சேந்தன்.

"அது சிகிச்சைப் பிரிவுல வருதுப்பா" என்றார் லோகநாயகி. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

வழக்கில் வாதாட ஒன்றும் மிச்சமில்லை. தீர்ப்புக்கு முதல் நாள் சேந்தன் காவலில் இருந்தவனைப் பார்க்கப் போனான். காசி பளிச்சென்று இருந்தான். தலை வாரியிருந்தான்.

"சார், அந்த வசனம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

"எந்த வசனம்?"

"சின்னக் கொழந்த இருக்கு, சீக்கிரம் போகணும். அதே ஐயாதானே? மதியத்துக்கே அனுப்பிருவாரு. வெளியில வாங்குறது கலப்படம் சார், உள்ள போனா அரை நாள்தான் நிக்குது. முகங்கூட சரியாத் தெரியல. ஆஸ்பத்திரி மருந்துன்னா சுத்தம். பத்து வருசம் முழுசாக் கெடைக்கும்." குரலைத் தாழ்த்தினான். "கல்யாணமே பண்ணி வெச்சிருவேன்."

"திரும்பி வரும்போது?"

"வந்தா பாத்துக்கலாம் சார்."

சேந்தன் நேராக டாக்டர் நூர்ஜஹானிடம் போனான். "ரெண்டாவது தடவை போனவங்க இருக்காங்களா?"

"மூணு பேர்."

"எப்படி இருக்காங்க?"

"ரத்த அழுத்தம் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ணத் திறந்திருக்காங்க. ஊட்டினா சாப்பிடறாங்க. யாரும் திரும்பி வரல."

வாசலில் ஜெயக்கொடி காத்திருந்தாள். அல்லி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தாள்.

"சார், நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? அவர ஜெயிலுக்கே அனுப்பச் சொல்லுங்க. நெஜ ஜெயிலுக்கு."

"பத்து வருஷம்மா."

"இருக்கட்டும். ஜெயில்னா வாரா வாரம் மனு போட்டுப் பாக்கலாம். கம்பிக்கு அந்தாண்ட இருந்தாலும் ஆள் இருப்பாரு. அங்க அனுப்பிட்டா நான் எங்க போயி மனு போடுறது?"

மறுநாள் நீதிபதி பரஞ்சோதி அதே கேள்வியைக் கேட்டார். காசி கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அப்பன் எங்கன்னு தேடிட்டு இருப்பா. சீக்கிரம் அவகிட்ட போகணும். கருணை காட்டுங்க."

யாரும் சொல்லிக் கொடுத்த குரல் இல்லை அது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா" என்று சேந்தன் எழுந்தான். "என் கட்சிக்காரருக்குச் சுருக்கத் தண்டனை கொடுக்கக் கூடாது. சிறைத் தண்டனை கொடுக்கணும்."

நீதிமன்றத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. "தம்பி, நீ யாருக்கு ஆஜராகற?" என்று லோகநாயகி கிசுகிசுத்தார். காசி நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தான்.

"வக்கீல் சார், குழந்தை உள்ளவர். நான் கருணை காட்டப் பாக்கறேன். நீங்க வேணாங்கறீங்களா?"

"போன தடவை காட்டின கருணையில இவர் குழந்தையை இழந்துட்டார் ஐயா. அதைச் சொன்னா சட்டத்துல அதுக்கு இடம் இல்லம்பீங்க. அதனால சட்டத்தையே சொல்றேன்." நஷ்ட ஈட்டு உத்தரவின் நகலை நீட்டினான். "இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் பத்து ஆண்டு. அதுக்குக் கீழ கொடுக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்ல. சுருக்கத் தண்டனைங்கறது எவ்வளவு காலம்? இதே மனுதாரர் நஷ்ட ஈடு கேட்டப்போ அரசாங்கம் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கு. மேல் நீதிமன்றமும் ஒத்துக்கிட்டிருக்கு. ஒரு மதியம். ஒரே ஒரு மதியம்."

நீதிபதி படித்தார். முந்தைய பத்தியையும் படித்தார். அவர் முகம் மாறியது.

"அப்ப இதுவரைக்கும் நான் அனுப்பினவங்கல்லாம்?"

"அரசாங்கம்தான் பதில் சொல்லணும் ஐயா. மதியம் பத்து வருஷத்துக்குச் சமம்னா, நிரபராதி ஒருத்தனோட பத்து வருஷத்தைத் திருடிட்டு அரை நாள் கூலி கொடுத்திருக்காங்க. சமம் இல்லன்னா, இத்தனை பேருக்குத் தண்டனையே கொடுக்கல, விஷத்தை ஏத்தி அனுப்பியிருக்காங்க. ரெண்டுல ஒண்ணு! எதுன்னு மேடம் இங்கயே சொல்லட்டும்!"

குரல் உத்திரத்தில் முட்டித் திரும்பியது. தட்டச்சர் தலை நிமிர்ந்து பார்த்தார். இந்த வக்கீலுக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

லோகநாயகி எழுந்தார். எதையோ தேடுவதுபோலக் காகிதங்களைப் புரட்டினார். உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு மேல் நீதிமன்றம் விடை சொல்லும்வரை சுருக்கத் தண்டனை வழங்க இயலாது என்று நீதிபதி எழுதினார். காசிலிங்கத்துக்குப் பத்தாண்டுச் சிறை. சேந்தன் அந்த நீதிமன்றத்தில் வென்ற முதல் வழக்கு அது. கட்சிக்காரனுக்குப் பத்து வருடம் வாங்கிக் கொடுத்திருந்தான்.

வண்டியில் ஏறும்போது காசி நின்றான். "என் பொண்ண ரெண்டாவது தடவையும் கொன்னுட்டீங்க சார்" என்றான். காவலர் தள்ளினார்.

பல வாரங்கள் காசி மனு போட்டவளைப் பார்க்க வரவில்லை. பெயரைக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புவான். ஜெயக்கொடி பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அடுத்த வாரம் மறுபடி வருவாள். சேந்தன் ஸ்கூட்டரில் அவளையும் அல்லியையும் கொண்டுவந்து விடுவான். மைதிலியின் ஹெல்மெட்டை ஜெயக்கொடி போட்டுக்கொள்வாள். அவளுக்கு அது கொஞ்சம் பெரிது.

ஒரு வாரம் காசி வந்தான். கம்பி வலைக்கு அப்பால் நின்றான். யாரையும் பார்க்கவில்லை. ஜெயக்கொடி தண்ணீர் லாரி, வாடகை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று பேசிக்கொண்டே இருந்தாள். அல்லிக்குச் சலிப்பு வந்தது. தூக்கு தூக்கு என்று அம்மாவை அடித்தாள். தூக்காததால் கோபம் வந்தது.

காசி சட்டென்று குனிந்து பார்த்தான். குழந்தையின் மூக்கு சிவந்திருந்தது.

வெகுநேரம் பார்த்தான். வலைமேல் விரல்கள் ஊன்றியிருந்தன.

"காது குத்தலயா இவளுக்கு?" என்றான்.

"நீ இல்லாம எப்படிக் குத்துறது?"

காசி சேந்தன் பக்கம் திரும்பினான். வண்டியில் ஏறிய நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவனைப் பார்த்தான். "சார், காது குத்துக்கெல்லாம் வெளிய விடுவாங்களா?"

"மனு போடலாம்" என்றான் சேந்தன். "மூணு வருஷம் உள்ள இருந்திருந்தாத்தான் விடுப்பு. நீ பத்து வருஷம் இருந்தத அவங்க சேர்த்துக்க மாட்டாங்க. இருந்தாலும் போட்டுப் பாக்கறேன்."

"போடுங்க சார்" என்றாள் ஜெயக்கொடி. "மூணு வருசம்னாலும் போகட்டும். அவ காது எங்க போயிரப் போகுது?"

மணி அடித்தது. அல்லி வலையில் வாயை வைத்து, உள்ளே இருந்தவனைப் பார்த்து, "ஐச்சு" என்றாள்.